பின்சீட்டில் ஒருவன்

மோட்டார் வண்டிகள் வந்த புதிதில் பேரெடுத்த ஒரு இன்ஜினியரின் வாழ்க்கை வரலாறு அது. அதில் தகவல் சரிபார்ப்பதுதான் ஜலஜாவின் அந்த வார வேலை. பிறந்த ஊர் சரி, இறந்த தேதி சரி. அவருடைய முதல் வண்டியின் வெள்ளோட்டத்தில் மூன்று பேர் ஏறிப் போனதாக எல்லாப் புத்தகங்களும் சொல்லின. அன்று எடுத்த பழைய புகைப்படத்தில் நான்கு பேர் இருந்தார்கள்.

பின்சீட்டில் இருந்தவனின் ஸ்வெட்டரில் இடது கை மட்டும் நீண்டு விரல்களை மூடியிருந்தது. அது, டெல்லி கிட்வாய் நகரில், குளிர்கால வெயிலில், பக்கத்து வீட்டுப் பெண்களிடம் பழகி ஜலஜா முதன்முதலாகப் பின்னிய ஸ்வெட்டர். "பரவால்லம்மா, குளிருக்கு நல்லதுதான்" என்று சிரித்தபடி அதைப் போட்டுக்கொண்டு போன முகுந்தன் ஆறு வருஷமாகத் திரும்பவில்லை.

"யார் மேடம் அந்த நாலாவது ஆள்? பேருக்கு ஆதாரம் இருக்கா?" என்றார் எடிட்டர் வெங்கடராமன்.

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இல்லை சார்."

"அப்போ அடையாளம் தெரியாதவர்னு போட்டுடுங்கோ."

டெல்லியின் பிணவறைகளில் அப்படி எழுதிய சீட்டோடு கிடந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, "இவன் இல்லை" என்று சொல்லிவிட்டு வந்தவள் அவள். இப்போது பென்சிலை எடுத்து, தன் பிள்ளையின் முகத்துக்குக் கீழே அதையே எழுதினாள்.