வாசிக்க வந்தவர்

"அவன்... க... கதவை... தட்... தட்டினான்."

ஒரு வரியை முடிப்பதற்குள் வாசிப்பவருக்கு மூச்சு வாங்கியது.

சமையலறையில் மகளுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. அவன் கதவைத் தட்டி, உள்ளே போய், உட்கார்ந்து பேசத் தொடங்குவதற்குள் அடுப்பில் பால் பொங்கித் தரையெல்லாம் ஓடிவிடும் போலிருந்தது.

அப்பாவோ நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"ம்... அப்புறம்?" என்றார், உயிரே அதில்தான் இருப்பதுபோல.

அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தவர் அவர். கண் போவதற்கு முன்னால், வீட்டுக்கு வரும் விளம்பர நோட்டீஸில்கூட விலையைப் பார்க்கமாட்டார்; எங்கே ஒற்று விட்டுப்போயிருக்கிறது என்றுதான் பார்ப்பார். சின்ன வயதில் மகள் 'பளம்' என்று கேட்டால், அது 'பழம்' ஆகும்வரை கையில் தரமாட்டார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் இப்போது ஒரு திருத்தமும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அதுதான் மகளுக்கு உறுத்தியது. கண்ணோடு சேர்ந்து அந்த ரோஷமும் போய்விட்டதா? யாராவது வந்து உட்கார்ந்தால் போதும் என்று ஆகிவிட்டாரா?

பார்வை இழந்தோர் உதவி மையத்தைக் குறை சொல்ல முடியாது. கைத்தடியோடு தெருவில் தனியாக நடக்கப் பழக்கினார்கள். அடுப்புத் திருகில் தடவிப் பார்க்கிற மாதிரி புள்ளி ஒட்டி, தானே காபி போட்டுக்கொள்ள வைத்தார்கள். போனே வாய்விட்டு வாசிக்கும்படி செய்து கொடுத்தார்கள். "அந்த மிஷின் குரல் எனக்கு ஒத்துவரலை" என்று அப்பா முகம் சுளித்ததால்தான், வீட்டுக்கே வந்து புத்தகம் வாசிக்க ஒருவரை அனுப்பினார்கள்.

அனுப்பியதுதான் அனுப்பினார்கள், ஆள் பார்த்து அனுப்பக்கூடாதா?

அன்று சாயங்காலமே மையத்துக்குப் போன் செய்தாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்க மேடம். நல்ல மனுஷர்தான். ஆனா ஒரு பக்கம் தாண்டறதுக்குள்ள பொழுது போயிடுது. வேற யாரையாவது..."

"புரியுதும்மா. அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு மாத்திடறோம்."

மறுநாள் அவர்களே கூப்பிட்டார்கள்.

"உங்கப்பா வேற ஆளே வேணாம்னுட்டார்மா. இவர் மாதிரி வாசிக்க யாராலயும் முடியாதாம்."

அது என்னவோ வாஸ்தவம்தான் என்று நினைத்துக்கொண்டாள் மகள்.

இதை இப்படியே விடக்கூடாது, வாசிப்பவர் அடுத்த முறை வரும்போது நேரிலேயே பேசிவிடுவது என்று அவளே முடிவு செய்தாள். அவர் வருகிற நாளில் ஆபீஸிலிருந்து சீக்கிரமே கிளம்பிவிட்டாள்.

வாசல் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

உள்ளே ஒரு குரல் படபடவென்று பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தது. அப்பாவின் போன். அவளுக்கு ஒரு வார்த்தையைப் பிடித்தால் அடுத்தது நழுவியது. அப்பா சாய்ந்து உட்கார்ந்து, காலை ஆட்டியபடி ரசித்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் காது கொடுத்த பிறகுதான் தெரிந்தது, அதே நாவல். அன்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தவன் இதில் கல்யாணம் முடித்து, பேரன் பேத்தி எடுத்து, செத்தே போயிருந்தான்.

"அப்பா!"

அப்பா பதறிப்போய்ப் போனைத் தடவி நிறுத்தினார். திருட்டுத்தனமாக மிட்டாய் தின்ற குழந்தை மாதிரி முகம்.

"மிஷின் குரல் ஒத்துவரலைன்னீங்க?"

"முதல்ல ஒத்துவரலை பாப்பா. அப்புறம் பழகிப்போச்சு. இப்ப இந்த வேகமே பத்தலை."

"இந்தப் புத்தகத்தை முடிச்சாச்சா?"

"ரெண்டு தடவை."

"அப்புறம் எதுக்கு அவர் முன்னாடி ஒண்ணுமே தெரியாத மாதிரி நடிக்கிறீங்க? பாவம், வயசான காலத்துல பஸ் ஏறி வர்றார். தேவையில்லைன்னு சொல்லிட்டா வீட்ல நிம்மதியா இருப்பாரில்ல?"

"வீட்ல நிம்மதியாவா?" அப்பா சிரித்தார். "அவர் ரயில்வே ஸ்டேஷன்ல அறிவிப்பு சொல்லிட்டிருந்தவர். அவர் குரலுக்கு ஒரு ஸ்டேஷனே எழுந்து ஓடும். பக்கவாதம் வந்து நாக்கு இழுத்துக்கிச்சு. தினமும் சத்தமா வாசிச்சாத்தான் பேச்சு திரும்பும்னு டாக்டர் சொல்லியிருக்கார். வீட்ல இவர் வாயைத் திறந்தா டிவி சத்தத்தைக் கூட்டிடறாங்களாம்."

மகளுக்கு என்னவோ போலாகிவிட்டது. "இதெல்லாம் அவரே சொன்னாரா?"

"சொல்ல ஆரம்பிச்சார். முடிக்க ரெண்டு வாரம் ஆச்சு."

அவளையும் மீறிச் சிரிப்பு வந்தது. அப்பாவும் சேர்ந்துகொண்டார்.

"கண்ணு தெரியாதவனுக்கு உதவி பண்றோம்னு இஸ்திரி போட்ட சட்டை மொடமொடக்க வர்றார் பாப்பா. போன வாரம் ஒரு முழு வரி தடங்கல் இல்லாம வந்தது தெரியுமா? அந்த வரியையே அவர் இன்னொரு தடவை வாசிச்சார்."

வாசலில் மணி அடித்தது.

அப்பா அவசரமாகப் போனைச் சட்டைப்பையில் ஒளித்துவிட்டு நாற்காலி நுனிக்கு வந்தார். கதவைத் திறக்கப் போனவளின் கையைப் பிடித்து நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"எனக்குப் படிச்சுக் காட்ட போன் இருக்கு. அவருக்குக் கேட்டுக் காட்ட யார் இருக்கா?"