நான்காவது விதி

முதல் நாளே அல்ஜீப்ரா வகுப்புக்கான ஐந்து விதிகளைச் சொல்லிவிடுவேன். நான்காவது என் சொந்தச் சரக்கு: வகுப்பில் செல்போன் அடித்தால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும். என் பாடத்தில் தூங்குகிறவர்கள்கூட அதற்கு நிமிர்ந்து உட்கார்வார்கள். நகைச்சுவை உணர்வுள்ள வாத்தியார் என்று எனக்கு நானே பெயர் வைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மேகலாவின் போன் அடித்தது.

“சார், வெளிய போய்ப் பேசிக்கறனுங்க சார்.”

“யாரும்மா அந்த மாப்பிள்ளை? நாங்களும் கேக்கறோம்,” என்றேன். அறுபது பேரும் சிரித்தார்கள். அவள் ஸ்பீக்கரை அழுத்தினாள்.

“கண்ணு, அப்பா நம்மள உட்டுட்டுப் போயிட்டாருடா. இப்பத்தான் டாக்டரு சொன்னாரு,” என்றது அவள் அம்மாவின் குரல். பிறகு அழுகை. கடைசி பெஞ்சு வரைக்கும் தெளிவாகக் கேட்டது. ஸ்பீக்கரை அணைத்துவிடம்மா என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நான் சொல்லாமல் அவளும் அணைக்கவில்லை.

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “அப்படியே எந்திரிச்சு ஓடியாந்தராத சாமி. அந்தக் கணக்கு சாரு ரொம்பக் கண்டிப்புன்னியே. அவருகிட்டக் கேட்டுட்டு வா.”

மேகலா எழுந்து நின்றாள்.

“போயிட்டு வரட்டுங்களா சார்?”