யார் பக்கம்?

“அங்க என்னைப் பார்த்தா பேர் சொல்லிக் கூப்பிடாதேண்ணே. கையும் ஆட்டாதே. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

மன்சிக் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்த கரண்டியை நிறுத்தினார். காங்னுங் கடற்கரைத் தெருவில் டோஃபு சூப் கடை அவருடையது. எட்டு மாதமாக முகம் காட்டாத தம்பி யோங்சிக், கூடைப்பந்து சீசனின் முதல் ஆட்டத்தன்று வந்து நிற்கிறானே என்று சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் இப்படி ஒரு பேச்சு.

“ஏன், டோஃபு விக்கிறவனை அண்ணன்னு சொல்லிக்க வெட்கமா இருக்கா?”

“அதில்லைண்ணே. உனக்கே தெரியும்.”

“சியோலுக்குக் குடிபோனதும் பெரிய மனுஷன் ஆயிட்டே. வர்றேன்னு நேத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“நேத்து எனக்கே தெரியாது. காலையிலதான் முடிவாச்சு.”

மன்சிக் கொதிக்கும் கிண்ணத்தைக் கொண்டுவந்து தம்பி முன்னால் வைத்தார். கோபம் இருந்தாலும், எதிரே உட்கார்ந்ததும் வாய் தானாகவே அணியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டது.

“இந்த வருஷம் நம்ம அணியே வேறடா. பழைய ஆளுங்க எட்டு பேரை அனுப்பிட்டாங்க. பயிற்சியாளரும் புதுசு. நடுவுல நிக்கிறதுக்கு ஹாரம்னு ஒரு பையன் வந்திருக்கான். ரெண்டு மீட்டருக்கு மேல உயரம். நீ உட்கார்ந்திருக்கிற அதே நாற்காலியில உட்கார்ந்து மூணு கிண்ணம் சாப்பிடுவான். பயிற்சியில பார்த்தேன், மரத்துல பழம் பறிக்கிற மாதிரி பந்தைப் பறிக்கிறான்.”

“போன வருஷமும் இப்படித்தான் சொன்னே.”

“போன வருஷம் ஆசையில சொன்னேன். இந்த வருஷம் பார்த்துட்டுச் சொல்றேன்.”

யோங்சிக் ஊதி ஊதிச் சாப்பிட்டான். மன்சிக் குரலைத் தாழ்த்தினார்.

“இந்தத் தடவையும் கடைசியில வந்தா, அணியை வேற ஊருக்குக் கொண்டுபோயிடுவாங்களாம். முதல் ஆட்டத்துலயே தோத்துட்டா அப்புறம் யாரு டிக்கெட் வாங்கப் போறா? உங்க அண்ணி போனப்புறம் ஞாயித்துக்கிழமைன்னா எனக்கு அந்த அரங்கம்தான்டா. வேற எங்க போவேன் நான்?”

“தெரியும்ணே.”

“தெரிஞ்சா சரி.” உள்ளே போனவர் ஒரு நீலச் சட்டையோடு திரும்பி வந்தார். இந்த வருஷத்துப் புதுச் சட்டை. மடிப்புக்கூடக் கலையவில்லை. “வெளியில தெரிய வேணாம். உள்ளுக்குள்ளயாவது போட்டுக்கோ.”

“இனிமே இதெல்லாம் எனக்குச் சரிப்படாது.”

“பத்து வயசுல, நம்ம ஊரு தோத்துடுச்சுன்னு ரெண்டு நாள் சாப்பிடாம கிடந்தவன்டா நீ. உனக்காக அப்பாகிட்ட அடி வாங்கினவன் நான். நெஞ்சைத் தொட்டுச் சொல்லு. இன்னைக்கு நீ யார் பக்கம்?”

யோங்சிக் கரண்டியைக் கீழே வைத்தான்.

“யார் பக்கமும் இல்லை.”

மன்சிக் சட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தம்பி கிளம்பும்போதுகூட அவர் வெளியே வரவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்கு அரங்கம் நிரம்பி வழிந்தது. எதிரணி தேஜோன். மூன்றாவது வரிசையில் நீலச் சட்டையோடு அண்ணன் உட்கார்ந்திருப்பதை, நுழைந்த உடனேயே யோங்சிக் பார்த்துவிட்டான். அதற்குமேல் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அண்ணன் சொன்னது பொய்யில்லை. ஹாரம் எழும்பினால் பந்து அவன் கையில்தான். பாதி ஆட்டத்துக்குள் காங்னுங் பதினொரு புள்ளி முன்னால் போய்விட்டது. யோங்சிக்கின் கைகள் துறுதுறுத்தன. ஆனாலும் தட்டவில்லை. காலையில் பேருந்தில் வரும்போது, புதிய ஆட்டக்காரர்கள் எட்டு பேரின் பெயரையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தவன்தான் அவன். அண்ணனிடம் அதைச் சொல்ல முடியவில்லை.

கடைசிக் கால்பகுதியில் எல்லாம் மாறியது. புதியவர்களுக்குக் கால் ஓய்ந்துபோயிற்று. பதினொன்று ஆறாயிற்று, மூன்றாயிற்று. மூன்று விநாடி மிச்சமிருந்தபோது காங்னுங் எழுபத்தெட்டு, தேஜோன் எழுபத்தேழு.

தேஜோனின் எட்டாம் எண் ஆட்டக்காரன் இரண்டு பேரை ஏமாற்றிவிட்டுக் கூடைக்கு நேராகப் பாய்ந்தான். தடுக்க யாருமில்லை. பின்னாலிருந்து ஓடிவந்த ஹாரம் எம்பினான். அந்த நீளக் கை குறுக்கே வந்தது. பந்து தெறித்து வெளியே போய் விழுந்தபோது நேரமும் முடிந்திருந்தது.

மூவாயிரம் பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். மன்சிக் பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத கிழவரைக் கட்டிக்கொண்டு அழுதார். ஹாரம் இரண்டு கைகளையும் மேலே தூக்கிவிட்டான். தேஜோன்காரர்களே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள்.

நாலடி தூரத்தில் நின்றிருந்த யோங்சிக் மட்டும்தான் அதைப் பார்த்தான். பந்தைத் தொடுவதற்கு முன்னால் ஹாரமின் விரல்கள் எட்டாம் எண்காரனின் மணிக்கட்டில் அடித்திருந்தன. கண் மூடித் திறக்கும் நேரம்தான், ஆனாலும் விதிமீறல். வேறு யாரும் கவனிக்கவில்லை. யாரும் எதுவும் கேட்கவும் போவதில்லை. பேசாமல் இருந்தால் போதும்.

இவ்வளவு நேரம் திரும்பாதவன், ஒரே ஒரு தடவை மூன்றாவது வரிசையைப் பார்த்தான்.

பிறகு விசிலை ஊதினான். அரங்கம் அப்படியே அடங்கிப்போக, அன்றைய ஆட்டத்தின் நடுவர் யோங்சிக், ஹாரமின் எண்ணைக் காட்டி, தேஜோனுக்கு இரண்டு இலவச வீச்சுகள் என்று இரண்டு விரல்களை உயர்த்தினான்.