தேங்காய் விழுந்த பானெட்

"ஒரு உயிர் ஐந்நூறு ரூபான்னு பேசி முடிச்சாச்சு ராஜவேலு. எழுநூறுல ஆரம்பிச்சாங்க."

அம்பாசிடரிலிருந்து இறங்கிக்கொண்டே சொன்னார் பட்டுக்கடை முதலாளி ஸ்ரீபாலன். சாவு வீட்டுக்குப் போய்வந்த முகமாகத் தெரியவில்லை. கல்யாணப் புடவை ஒன்றுக்கு விலை படியவைத்துவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார்.

ராஜவேலு மட்கார்டைத் தட்டுவதை நிறுத்தினான். வாலாஜாபாத் ரோட்டோரத்தில் அவனுடைய டிங்கரிங் ஷெட். காஞ்சிபுரத்தில் எந்த முதலாளியின் காருக்குப் பள்ளம் விழுந்தாலும் அவனிடம்தான் வரும்.

"ஒத்துக்கினாங்களா நயினாரே?"

"அங்கம்மாளோட புள்ள ஒத்துக்கினான். அழுதுக்கினேதான் கை நீட்டினான். ஆனா போலீசு வேற கணக்காச்சே. தர்மனை விடமாட்டேங்கிறாங்க."

தர்மன் அவருடைய டிரைவர். போன செவ்வாய்க்கிழமை பொழுது சாயும் நேரம், மாகறல் ரோட்டில் கீரைக் கூடையோடு போன அங்கம்மாளை இந்த வண்டி தூக்கி அடித்துவிட்டு நிற்காமல் ஓடிவிட்டது. நம்பரைப் பார்த்தவன் ஒருவன் இருந்தான். ஓட்டியவனை யாரும் பார்க்கவில்லை. ஸ்ரீபாலன் அந்த வாரம் பட்டு நூல் வாங்க பெங்களூர் போயிருந்தார்.

"தர்மன் என்னா சொல்றான்?"

"தேங்கா விழுந்த பள்ளத்தை எடுக்க விட்ட வண்டி வியாழக்கிழமை வரைக்கும் உன் ஷெட்டுலதான் இருந்துச்சாம். லாக்கப்புல கிளிப்பிள்ளையாட்டம் அதையே சொல்லிக்கினு இருக்கான்."

"செவ்வாக்கெழமை மத்தியானமே சாவிய வாங்கிக்கினு போனான் நயினாரே. போலீசுலயும் அதான் சொன்னேன். நான் எதுக்குப் பொய் சொல்லணும்?"

"அதானே. உனக்கு அதுல என்ன லாபம்?"

ஸ்ரீபாலன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அவன் பொண்டாட்டி நீலாம்பா கைக்குழந்தையோட கடை வாசல்லயே உக்காந்துக்கினு இருக்குது. வர்ற கல்யாண பார்ட்டியெல்லாம் அந்த மூஞ்சியப் பார்த்துட்டு எதிர்க்கடைக்குப் போவுது. எனக்கு வேற டிரைவர் கிடைப்பான். அது எங்கே போவும்?"

ராஜவேலு மறுபடி சுத்தியலை எடுத்தான்.

"சுத்தி ஓரம் பேந்திருக்குதே. வேற வாங்கக் கூடாதா? கஞ்சன்டா நீ."

"அப்பன் வச்சுட்டுப் போனது நயினாரே. வேற சுத்தி எடுத்தா எனக்குக் கை வராது."

"வேலையைக் குத்தம் சொல்லலைப்பா. தேங்கா விழுந்த இடம் எதுன்னு எனக்கே தெரியலை. இடது பக்கம்தானே?"

"இடது பக்கம்தான். ஒரே பள்ளம். உள்ளேருந்து தட்டித் தூக்கி, பட்டி தடவி, பெயிண்ட் அடிச்சேன்."

"வலது பக்கம்?"

"தொடவே இல்லை."

"ஆளு பானெட் மேல உருண்டுதான் கீழ விழுந்துச்சுன்னு அந்த நம்பர் பார்த்தவன் சொல்றான். ஒரு நசுங்கல்கூட இல்லையேன்னு இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகம்."

"வத்திப்போன உடம்பு நயினாரே அது. அம்பாசிடர் தகட்டுல என்னா பள்ளம் விழும்?"

"தேங்காய்க்கு விழுந்துச்சே." ஸ்ரீபாலன் வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டார். "சரி, போனது போவட்டும். இனிமே பள்ளம் விழாம இருக்க வழி சொல்லு."

பேச்சு மாறியதில் ராஜவேலுவுக்குத் தெம்பு வந்தது. "தென்னமரத்தடியில நிறுத்தாதீங்க. நிறுத்தித்தான் ஆவணும்னா கோணிய நாலா மடிச்சுப் போட்டு வைங்க. தேங்கா விழுந்தாலும் எகிறிப் போயிடும்."

"மனுசங்க விழாம இருக்க?"

"அது ஓட்டுறவன் கையில இருக்குது."

"நல்லாச் சொன்னேப்பா."

ஸ்ரீபாலன் எழுந்துபோய் பானெட்டைத் தடவினார். கறுப்புத் தகட்டில் அவர் மோதிரம் வரைக்கும் தெரிந்தது.

"எங்க கடைக்கு நெசவுக்காரங்க புடவை கொண்டாந்தா, மேல்பக்கம் பளபளன்னு இருக்கும். நான் அதைப் பார்க்கிறதே இல்லை. திருப்பிப் போட்டுடுவேன். அறுந்த இழை, போட்ட முடிச்சு எல்லாம் உள்பக்கம்தான் கிடக்கும்."

பானெட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக் கொடுத்தார்.

"வந்து பாரு."

ராஜவேலு நகரவில்லை.

உள்தகட்டில் இடது பக்கம், உள்ளங்கை அகலத்துக்குச் சுத்தியல் தடங்கள். ஒவ்வொன்றும் ஓரம் கடித்த அப்பளம் மாதிரி இருந்தது. வலது பக்கம் ஒரு முறம் அகலத்துக்கு அதே அப்பளங்கள்.

ஸ்ரீபாலன் விரலை மடக்கினார்.

"விழுந்த தேங்கா ஒண்ணு. தட்டின இடம் ரெண்டு. நீ கூலி வாங்கினது ஒரு பள்ளத்துக்குத்தான் ராஜவேலு. அங்கம்மா விழுந்த பள்ளத்தை ஏம்பா சும்மா எடுத்துக் குடுத்தே?"