ஒரு வாரத்துக்கு அடுப்பு கூடாது

“பல் சுத்தம் பண்ணியாச்சும்மா. இன்னைக்கு ஒரு நாள் சூடு, காரம் கூடாது. ஆறின கஞ்சி, மசிச்ச பழம் போதும்,” என்றாள் பல் டாக்டர்.

நாற்காலியில் கண் சொக்கிக் கிடந்த பெண் எழவில்லை. “ஒரு வாரம்னு எழுதிக் குடுங்க டாக்டர். அடுப்புப் பக்கமே போகக்கூடாதுன்னும் சேர்த்துக்கோங்க. டாக்டர் சொன்னா எங்க வீட்டுக்காரர் தட்ட மாட்டார்.”

டாக்டர் சிரிக்காமல் எழுதிக் கொடுத்தாள்.

அந்தப் பெண் போனதும் டாக்டர் அதே நாற்காலியில் சாய்ந்து கண்களை மூடினாள். யாரோ கஞ்சியை ஊதி ஊதி ஆற்றி அவள் வாயருகே கொண்டுவந்தார்கள். கண் திறந்தபோது தலைக்கு மேல் விளக்கு மட்டும்தான் இருந்தது.

கூடப் படித்த தோழிக்குப் போன் போட்டாள். “நாளைக்கு உன் கிளினிக்குக்கு வரேன்டி. எனக்குப் பல் சுத்தம் பண்ணிட்டு, ஒரு வாரம்னு எழுதிக் குடு.”

“நீயே டாக்டர்தானேடி?”

“அது இந்த நாற்காலி வரைக்கும்தான். வீட்ல என் பேச்சை யாரு கேக்குறா?”