செப்டம்பர் முதுகு

"முதுகு வலியா? அதானே பார்த்தேன். காலையிலேர்ந்து நீ பதினேழாவது முதுகு, தங்கச்சி. உட்காரு."

டாக்டர் மத்யாகூப் பச்சைத் தேநீரை உறிஞ்சியபடி சொன்னார். சபர்குல் உட்காரவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உட்கார்ந்தா எந்திரிக்க முடியாதுண்ணா."

"ஆகா! நர்ஸம்மா, கேட்டியா? இது புதுசு. எழுதி வச்சுக்கோ."

நர்ஸ் பிகாஜான் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே சிரித்தாள்.

ஜன்னலுக்கு வெளியே பருத்தி வயலுக்கு ஆள் ஏற்றும் வண்டிகள் வரிசையாக நின்றன. செப்டம்பர் பிறந்துவிட்டால் உர்கெஞ்ச் ஊரில் அரசாங்கச் சம்பளம் வாங்கும் அத்தனை பேரும், வாத்தியாரிலிருந்து பாட்டுக்காரர் வரை, பருத்தி பறிக்கப் போயாக வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு அறுபது கிலோ. முதுகில் கோளாறு என்று டாக்டர் சீட்டு எழுதினால் மட்டும் தப்பிக்கலாம். அதனால் ஆகஸ்ட் வரை விறைப்பாக நடமாடிய முதுகெலும்புகளெல்லாம் செப்டம்பரில் மொத்தமாக ஒடிந்துபோகும்.

போன வருஷம் மத்யாகூப் கேட்டவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்தார். இந்த வருஷம் ஆளுநர் கூட்டத்தில் அவரை எழுப்பி நிறுத்தி, "நீ எத்தனை முதுகுக்குச் சீட்டு எழுதுறியோ, அத்தனை நாள் உன் முதுகு வயல்ல வளையும்" என்று சொல்லிவிட்டார். தன் தொந்தியைத் தாண்டிச் செருப்பையே பார்க்க முடியாத மனிதர், பருத்திச் செடியை எங்கே பார்ப்பது? அன்றிலிருந்து அவரிடம் வந்த எல்லா முதுகும் நல்ல முதுகுதான். நேற்று கழுத்துப் பட்டையோடு வந்த கணக்கு வாத்தியாரைக்கூட அனுப்பி வைத்துவிட்டார்.

"என்ன வேலை பார்க்கிற?"

"நாட்டியக் குழுவுல ஆடுறேன். பதினாலு வருஷமா."

"அப்ப நடிக்கவும் தெரிஞ்சிருக்கும். எங்க, குனிஞ்சு தரையைத் தொடு."

சபர்குல் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். இரண்டு உள்ளங்கையும் தரையில் பதிந்தன.

"பார்த்தியா நர்ஸம்மா! என்னால இந்த ஜென்மத்துல முடியுமா? சரி, இப்ப பின்னால வளை."

அவள் பின்னால் வளைந்தாள். பின்னல்கள் தரையைத் தொட்டன. மேலுதட்டில் வியர்வை துளிர்த்தது. நிமிரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"வலிக்குதுண்ணா. இடுப்புலேர்ந்து இடது கால் வரைக்கும் மின்சாரம் மாதிரி இழுக்குது. சுண்டுவிரல்ல உணர்ச்சியே இல்ல."

"பருத்தியைக் கால் விரலாலயா பறிக்கப் போற?"

பிகாஜானுக்கு விதை புரையேறிவிட்டது.

"ராத்திரி திரும்பிப் படுக்க முடியல. ஆடி முடிச்சதும் ரெண்டு பேர் தாங்கிப் பிடிச்சுத்தான் மேடையிலேர்ந்து இறக்குறாங்க."

"நவம்பர் வரட்டும், எல்லாம் சரியாப் போயிடும். நானும் இருபத்தெட்டு வருஷமாப் பார்க்கிறேன். பருத்தி தீர்ந்த மறுநாள் இதே முதுகெல்லாம் கல்யாண வீட்டுல லஸ்கி நடனம் ஆடும். உங்க ஆட்டத்துக்கு நான் தாளம் போடணுமா?"

சபர்குல்லின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அது மட்டும் நடிப்பில்லை என்று ஒரு நொடி டாக்டருக்குத் தோன்றியது. ஆனால் வயலும் வெயிலும் அறுபது கிலோ மூட்டையும் அவர் கண் முன்னால் வந்து நின்றன. பேனாவை எடுத்தார்.

"இப்ப என்ன எழுதுறேன்னு கேட்டுக்கோ. 'முதுகெலும்பு பூரண ஆரோக்கியம். எந்தக் கடின உழைப்புக்கும் தகுதியானவர்.' போதுமா?"

"அண்ணா, இன்னொரு தடவை நல்லாப் பாருங்க. நெஜமாவே வலிக்குது."

"இன்னுமா? அப்ப இதையும் சேர்த்துக்கிறேன். 'வலி எதுவும் இல்லை.'" அடியில் கோடு இழுத்தார். முத்திரையை ஓங்கிக் குத்தினார். ஆத்திரம் அடங்காமல் பக்கத்திலேயே இன்னொன்றும் குத்தினார்.

சபர்குல் காகிதத்தை வாங்கி, மை காயும் வரை ஊதினாள். மடிக்காமல் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து ஒரு பெரிய பழுப்பு உறையை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும்ணா. விமான நிலையத்துல யார் கண்ணுலயாவது பட்டா வம்பு."

"விமான நிலையமா? வண்டி வயலுக்குல்ல போகுது?"

"எங்க குழு இன்னைக்கு வெளிநாடு போகுது. போன தடவை ஒருத்தி மேடையிலேயே விழுந்துட்டா. அதனால முதுகு நல்லாயிருக்குன்னு முத்திரை போட்ட தாள் இல்லாம யாரையும் ஏத்த மாட்டேங்கிறாங்க. எனக்கு இதுதான் முதல் பயணம். என் இடத்துக்கு இன்னொருத்தி சலங்கையோட நிக்கிறா. மூணு டாக்டர்கிட்ட வலியே இல்லன்னு சத்தியம் பண்ணினேன், ஒருத்தரும் எழுதல. செப்டம்பர்ல உங்ககிட்ட வந்து வலிக்குதுன்னு உண்மையைச் சொன்னாப் போதும்னு தோழிங்க சொன்னாங்க."

"ஏய், நில்லு! அந்தத் தாளைக் கொடு!"

"ரெண்டு முத்திரை போட்டுட்டீங்களேண்ணா" என்று சொல்லிவிட்டு, இடது காலை இழுத்து இழுத்து அவள் வெளியேறினாள்.

மத்யாகூப் உறையைப் பிரித்து உள்ளே இருந்த ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இடுப்பு எலும்புகளுக்கு நடுவே முதுகெலும்புத் தட்டு பிதுங்கி நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது; ஓரத்தில் மூன்று டாக்டர்களும் ஒரே வரியைத்தான் எழுதியிருந்தார்கள்: "இனி ஒருமுறை ஆடினாலும் கால் போய்விடும்."