மஞ்சள் கவுன்

விக்டோரியா ஏரியில் வெயில் தகரமாக மின்னுகிறது. சனிக்கிழமை உல்லாசப் படகில் பாட்டு அலறுகிறது. படித்துறையில் நபுகீரா, ஏறுகிறவர்களுக்கு மிதவைச் சட்டை மாட்டி வாரை இறுக்கிவிடுகிறாள். மஞ்சள் கவுன்காரி ஒருத்தி, கொடுத்த சட்டையை மடித்துப் படகின் இருக்கைப் பலகையில் போட்டு அதன்மேல் உட்காருகிறாள். "இதப் போட்டா கவுனே தெரியாதுக்கா. நாலு போட்டோ எடுத்துட்டு மாட்டிக்கறேன்." நபுகீரா ஈரக்கையைத் துடைத்துவிட்டுத் தன் கைபேசியை நீட்டுகிறாள். திரையில் இதே படகு, இதே பலகை. சிவப்பு கவுனில் ஒரு பெண், மடித்த மிதவைச் சட்டைமேல் உட்கார்ந்து வாய்கொள்ளாமல் சிரிக்கிறாள். "அழகா இருக்காளே, யாருக்கா?" "என் மக. அவளும் போட்டோ எடுத்துட்டு மாட்டிக்கறேன்னுதான் சொன்னா. போட்டோ நல்லா வந்திருக்குல்ல?" மஞ்சள் கவுன்காரி எழுந்து கைகளை விரித்து நிற்கிறாள். கொக்கி மாட்டிய பிறகும் நபுகீரா வாரை விடவில்லை.